பந்தயக் குதிரைப் பயிற்சியாளர் புள்ளிவிவரங்கள்: ஒரு கணிப்பு முறையின் வரலாறு

குதிரைப் பந்தயத்தில் எந்தக் குதிரை வெல்லும் என்று முன்கூட்டி மதிப்பிடும் முறைகளுள் ஒன்று, அக்குதிரையைப் பழக்கும் பயிற்சியாளரின் கடந்தகால வெற்றி எண்ணிக்கையை ஆராய்வது. ஒரு குதிரை எவ்வளவு வேகமாக ஓடியது என்பதைக் கடிகாரம் சொல்லிவிடும். அது அன்று எதற்காக ஓடவிடப்பட்டது என்பதைக் கடிகாரம் சொல்லாது. வெல்வதற்காகவா, உடலைப் பதப்படுத்தவா, வாங்குபவர் கையில் தள்ளிவிடவா என்பது பயிற்சியாளருக்குத் தெரியும். அவர் மனத்தை அறிய வழியில்லாத வெளியாள், இதே போன்ற நிலையில் அவர் முன்பு என்ன செய்தார் என்று எண்ணிப் பார்க்கத் தொடங்கினார். அந்த எண்ணிக்கை தனிப்பட்ட குறிப்பேடுகளில் தொடங்கி அச்சுத்தாளுக்கும் கணினிக்கும் சென்றது. பயணத்தின் ஒவ்வொரு படியிலும் அதன் மதிப்பு மாறியது.

சொல்லின் இரு பொருள்

இக்கணிப்புக்கு அமெரிக்காவில் ஹேண்டிகேப்பிங் என்று பெயர். அச்சொல்லுக்குப் பந்தய உலகில் முதலில் வழங்கிய பொருள் வேறு. வலிய குதிரைக்கு அதிக எடையும் எளிய குதிரைக்குக் குறைந்த எடையும் சுமத்தி, எல்லாக் குதிரைகளுக்கும் ஏறக்குறைய சமமான வாய்ப்பை உண்டாக்கும் அதிகாரியின் வேலை அது. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் அட்மிரல் ஹென்றி ஜான் ரௌஸ் குதிரையின் வயதுக்கு ஏற்ற எடை அட்டவணையை வகுத்து, இந்த வேலைக்கு ஓர் ஒழுங்கைக் கொடுத்தார். பின்னர் அமெரிக்காவில், பணம் கட்டுபவர் செய்யும் மதிப்பீட்டுக்கும் இதே சொல் வந்து சேர்ந்தது.

இரண்டு வேலைக்கும் ஒரே எதிராளி. குதிரையின் பழைய ஓட்டங்களைப் பார்த்துத்தான் அதிகாரி எடை ஒதுக்குகிறார். ஆகவே குதிரையின் உண்மையான வலிமையைச் சில ஓட்டங்களில் மறைத்து வைத்தால், பெரிய பந்தயத்தில் குறைந்த எடையோடு ஓடலாம். பணம் கட்டும் கூட்டமும் அதே ஓட்டங்களைப் பார்த்து ஏமாறும். மறைப்பதற்குக் காரணமும் வாய்ப்பும் உள்ளவர் பயிற்சியாளர். இங்கிலாந்தின் நியூமார்க்கெட் போன்ற பந்தய ஊர்களில் அதிகாலை ஓட்டங்களை ஒளிந்திருந்து பார்த்துச் செய்தி விற்பவர்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே பெருகியிருந்தனர். பயிற்சியாளர்கள் அவர்களை விரட்டுவதும், அவர்கள் வேறு புதரைத் தேடுவதும் அன்றாட நிகழ்ச்சி. பயிற்சியாளரைப் பற்றிய அறிவு என்றால் அன்று லாயத்துச் செய்திதான். எண்களுக்கு அதில் இடமில்லை.

கூட்டம் வைக்கும் விலை

புள்ளிவிவரம் ஏன் பிறகு பெருமதிப்புப் பெற்றது என்பதை அறிய, பணம் கட்டும் முறையில் வந்த மாற்றத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1860களில் பாரிசில் ஜோசப் ஒல்லர் என்பவர் ஒரு புது ஏற்பாட்டைப் புகுத்தினார். ஒரு பந்தயத்தில் எல்லோரும் கட்டும் பணம் ஒரே தொகுப்பில் சேரும். நடத்துபவர் தமக்குரிய பங்கை எடுத்துக்கொள்வார். மீதி, வென்ற குதிரையின் மேல் கட்டியவர்களுக்குப் பிரித்துத் தரப்படும். இதைத் தானாகக் கணக்கிடும் இயந்திரத்தை ஜார்ஜ் ஜூலியஸ் உருவாக்கினார். அது 1913இல் நியூசிலாந்தின் எல்லர்ஸ்லி பந்தயத் திடலில் முதலில் இயங்கியது. அமெரிக்காவிலும் இம்முறை 1930களில் பரவியது.

இம்முறையில் ஒரு குதிரைக்கு ஒன்றுக்கு எத்தனை கிடைக்கும் என்ற விலையைத் தனி மனிதர் யாரும் நிர்ணயிப்பதில்லை. கூட்டமே நிர்ணயிக்கிறது. பலர் நம்பும் குதிரை வென்றால் கிடைப்பது சொற்பம். வெற்றிக்குக் கட்டும் பணத்தில் நடத்துபவரும் அரசும் எடுக்கும் பங்கு அமெரிக்காவில் பொதுவாக 15 முதல் 20 விழுக்காடு. ஆக, கூட்டத்துக்குத் தெரிந்ததை மட்டுமே தெரிந்துவைத்திருப்பவர் நீண்ட காலத்தில் அந்த அளவுக்கு இழப்பார். கூட்டத்துக்குத் தெரியாத ஒன்று கையில் இருந்தால்தான் ஆதாயம்.

குதிரையைப் பற்றிய செய்திகளோ எல்லோர் கைக்கும் வந்துகொண்டிருந்தன. 1894இல் சிகாகோவில் ஃபிராங்க் புரூனல் தொடங்கிய டெய்லி ரேசிங் ஃபார்ம் என்ற நாளிதழ், ஒவ்வொரு பந்தயத்தின் போக்கையும் அட்டவணையாக வெளியிட்டது. அதன்பின் ஒவ்வொரு குதிரையின் பழைய ஓட்டங்களையும் ஒரே இடத்தில் வரிவரியாகத் தந்தது. நாள், தூரம், நேரம், சுமந்த எடை, ஜாக்கி, ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனையாவது இடம் என எல்லாம் அந்த வரிகளில் சுருங்கி இருக்கும். பயிற்சியாளருக்குப் பல காலம் அங்கே கிடைத்தது பெயர் மட்டும்.

புறாக்காரரும் 1,500 டாலர் குதிரையும்

பயிற்சியாளரின் கைவண்ணம் மிகத் தெளிவாகத் தெரிந்த இடம் அமெரிக்காவின் கோரல் பந்தயங்கள். இவற்றில் ஓடும் ஒவ்வொரு குதிரையும் முன்பே அறிவித்த விலைக்கு விற்பனைக்கு உரியது. தகுதியுள்ள எவரும் பந்தயம் தொடங்குமுன் அந்த விலையைக் கட்டிக் குதிரையைக் கோரலாம். ஓட்டம் முடிந்ததும் குதிரை புதிய லாயத்துக்குப் போய்விடும். இப்படி ஒரே குதிரை இரண்டு வாரத்துக்குள் இரண்டு பயிற்சியாளர் கையில் ஓடுவதைப் பார்க்க முடிந்தது. கையை மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சோதனை கிடைப்பது அரிது.

இதில் பெயர் பெற்றவர் நியூயார்க்கின் ஹிர்ஷ் ஜேக்கப்ஸ். இளமையில் பந்தயப் புறாக்களை வளர்த்தவர். குதிரைக் குடும்பப் பின்னணியோ பெரும் செல்வமோ இல்லாதவர். வெற்றிகளின் எண்ணிக்கையில் 1933 முதல் 1944 வரை ஓராண்டு தவிர எல்லா ஆண்டுகளிலும், அதாவது 11 முறை, நாட்டின் முதல் பயிற்சியாளராக இருந்தார். 1943இல் ஸ்டைமி என்ற குதிரையை 1,500 டாலருக்குக் கோரி எடுத்தார். அதை அதுவரை பழக்கியவர் சாதாரண ஆள் அல்லர். மூன்றே ஆண்டுகளில் அசால்ட் என்ற குதிரையைக் கொண்டு அமெரிக்காவின் மும்மகுடப் பந்தயங்களை வென்ற மேக்ஸ் ஹிர்ஷ்தான் அவர். ஸ்டைமி 1949இல் ஓய்வுபெற்றபோது ஈட்டியிருந்த பரிசுத் தொகை 918,485 டாலர்.

ஜேக்கப்ஸ் குதிரையை அடிக்கடி ஓடவிட்டார், ஒவ்வொன்றின் குணத்தையும் உற்றுப் பார்த்தார், அது வெல்லக்கூடிய தரத்தில் பந்தயத்தைத் தேர்ந்தெடுத்தார். இவற்றுள் மூன்றாவதே கணிப்பாளருக்கு முக்கியம். பயிற்சி என்பது லாயத்துக்குள் நடப்பது. தேர்வு வெளியே தெரிவது, எண்ணக்கூடியது. ஆனால் வெற்றியின் மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் ஏமாற வாய்ப்புண்டு. பிற்காலத்தில் மேற்கு வர்ஜீனியாவின் சிறிய மவுன்டனியர் திடலைத் தளமாகக் கொண்டு டேல் பேர்ட் 9,445 வெற்றிகள் பெற்றார். அவை பெரும்பாலும் மலிவான குதிரைகளின் பந்தயங்கள். 2021 ஆகஸ்டில் சரட்டோகாவில் அந்த எண்ணைக் கடந்த ஸ்டீவ் அஸ்முசன் ஒரே சமயத்தில் பல மாநிலங்களில் உதவியாளர்களைக் கொண்டு லாயங்களை நடத்துபவர். இரண்டு எண்களும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்து நிற்கின்றன. குறிப்பவை இரண்டு வேறு தொழில்கள்.

குறிப்பேட்டிலிருந்து அச்சுக்கு

1968இல் டாம் எய்ன்ஸ்லி என்ற புனைபெயரில் ரிச்சர்ட் கார்ட்டர் எழுதிய பந்தய வழிகாட்டி நூல், பயிற்சியாளரையும் கணிப்பின் ஒரு காரணியாக எடுத்துப் பேசியது. வேக எண்களால் புகழ்பெற்ற ஆண்ட்ரூ பேயர் 1975இல் வெளியிட்ட தம் முதல் நூலில், பயிற்சியாளர்களின் தந்திரங்களுக்கும் இடம் ஒதுக்கினார். ஒருமுறை பலித்த வழியை மனிதர் மீண்டும் கையாள்வார் என்பதே இத்தகைய ஆய்வுகளின் அடிப்படை. ஆறு மாத ஓய்வுக்குப் பின் முதல் ஓட்டத்திலேயே வெல்லும்படி குதிரையைத் தயார் செய்பவர் ஒருவர். முதல் ஓட்டத்தைப் பயிற்சியாகக் கழித்துவிட்டு இரண்டாவதில் வெல்பவர் இன்னொருவர். மண்தரையில் தோற்றதைப் புல்தரைக்கு மாற்றுவது, தூரத்தைக் கூட்டுவது, தரத்தை இறக்குவது, கண்மறைப்பு மாட்டுவது, கோரி எடுத்த குதிரையை உடனே ஓடவிடுவது என ஒவ்வொன்றிலும் ஒவ்வொருவருக்கும் தனிப் பழக்கம் உண்டு. ஒட்டுமொத்தத்தில் 12 விழுக்காடு மட்டுமே வெல்பவர், ஏதோ ஒரு சூழ்நிலையில் 30 விழுக்காடு வெல்பவராக இருக்கலாம். அந்த ஒரு சூழ்நிலையைக் கண்டுபிடிக்கச் சிலர் பழைய நாளிதழ்களைக் கத்தரித்து, அட்டைகளில் ஒட்டி, ஆண்டுக்கணக்கில் சேர்த்தனர். அலுப்பான வேலை. அந்த அலுப்பே அவர்களுக்குக் காவலாக இருந்தது. மற்றவர்கள் அதைச் செய்ய முன்வரவில்லை.

1979இல் அடெல்ஃபி பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் வில்லியம் குவிரின், கணினி ஆய்வுகளின் அடிப்படையில் ஒரு பந்தய நூலை வெளியிட்டார். தாக்க மதிப்பு என்னும் எளிய அளவுகோலை அந்நூல் பரவலாகப் பயன்படுத்தியது. ஒரு பண்புடைய குதிரைகள் ஓடியவற்றில் 10 விழுக்காடாகவும் வென்றவற்றில் 20 விழுக்காடாகவும் இருந்தால் அப்பண்பின் தாக்க மதிப்பு 2. இதே கணக்கைப் பயிற்சியாளருக்கும் பொருத்திப் பார்க்கலாம் என்பது பலருக்குப் புலப்பட்டது. 1990இல் பந்தய அமைப்புகள் சேர்ந்து ஈக்விபேஸ் என்ற பொதுத் தரவகத்தை நிறுவின. அந்தப் பத்தாண்டிலும் அதற்குப் பின்னும், பயிற்சியாளரின் சூழ்நிலை வாரியான வெற்றி விகிதங்கள் குதிரையின் பழைய ஓட்ட வரிகளுக்குக் கீழேயே அச்சாகத் தொடங்கின.

அட்டைகளில் ஒட்டிச் சேர்த்தவர்களுக்கு இது நல்ல செய்தி அல்ல. எல்லோரும் காணும் எண்ணைக் கூட்டம் உடனே விலையில் ஏற்றிவிடும்.

விகிதமும் வரவும்

இதை ஓர் எடுத்துக்காட்டால் காணலாம். ஒரு பயிற்சியாளர் 100 ஓட்டங்களில் 25 வெற்றி பெறுகிறார். அவரை எல்லோரும் அறிவர். ஆகவே 2 டாலர் கட்டினால் சராசரியாகக் கிடைப்பது 6 டாலர். ஒவ்வொரு முறையும் அவர் குதிரைமேல் கட்டினால் செலவு 200, வரவு 150. இன்னொருவர் 100இல் 10 முறைதான் வெல்கிறார். பெயர் தெரியாதவர் என்பதால் சராசரியாக 24 டாலர் கிடைக்கிறது. செலவு அதே 200, வரவு 240. வெற்றி விகிதம் சொல்வது பயிற்சியாளரின் திறமையை. வரவு விகிதம் சொல்வது அத்திறமையைக் கூட்டம் எவ்வளவு குறைத்து மதிப்பிட்டது என்பதை. பணம் கட்டுபவருக்கு இரண்டாவதே தேவை.

அந்த 240இல் ஒரே வெற்றி மட்டும் 100 டாலர் கொண்டுவந்திருந்தால், அதை நீக்கியதும் ஆதாயம் இழப்பாகிவிடும். சிறு எண்ணிக்கைகளின் ஆபத்து இது. உண்மையில் 15 விழுக்காடு வெல்லும் ஒருவர், தற்செயலாகவே ஏதோ பத்து ஓட்டங்களில் மூன்றோ அதற்கு மேலோ வெல்வதற்கான வாய்ப்பு ஏறக்குறைய 18 விழுக்காடு. 300 பயிற்சியாளர்களை 20 சூழ்நிலைகளில் பிரித்துப் பார்த்தால் 6,000 கட்டங்கள் கிடைக்கும். அவற்றுள் நூற்றுக்கணக்கானவை எந்தக் காரணமும் இன்றி மின்னும். நீண்ட ஓய்வுக்குப் பின், புல்தரையில், குறிப்பிட்ட ஜாக்கியோடு 5இல் 3 வெற்றி என்பது போன்ற வரிகளைப் பந்தயத் தாள்கள் இன்றும் அச்சிடுகின்றன. படிப்பவருக்கு அவை இரகசியம் போலத் தோன்றும். பெரும்பாலும் அவை வெறும் சத்தம்.

பழக்கத்துக்குக் காரணம் காட்ட முடிகிறதா என்று கேட்பதே அனுபவமுள்ள கணிப்பாளர் வழி. இளங்குதிரைகளை முதல் ஓட்டத்துக்கு முன் வேகமாகப் பழக்குபவர் முதல் ஓட்டத்தில் அடிக்கடி வெல்வார் என்பதில் பொருள் உண்டு. செவ்வாய்க்கிழமைகளில் அதிகம் வெல்கிறார் என்பதில் பொருள் இல்லை.

ஹாங்காங்கின் மூடிய லாயம்

கணக்கு முழுமையாக வேலை செய்த இடம் அமெரிக்காவுக்கு வெளியே இருந்தது. 1986இல் ரூத் போல்டன், ராண்டல் சாப்மன் இருவரும் 200 அமெரிக்கப் பந்தயங்களை வைத்து, ஒவ்வொரு குதிரைக்கும் வெல்லும் நிகழ்தகவு தரும் ஒரு மாதிரியை வெளியிட்டனர். அதில் ஜாக்கியின் வெற்றி விகிதம் இடம்பெற்றது. பயிற்சியாளருக்குத் தனி இடம் தரப்படவில்லை. ஏறக்குறைய அதே காலத்தில் அமெரிக்கரான பில் பென்டரும் ஆஸ்திரேலியரான ஆலன் வூட்சும் ஹாங்காங்கில் கணினி மாதிரிகளைக் கொண்டு பணம் கட்டத் தொடங்கியிருந்தனர்.

ஹாங்காங்கைத் தேர்ந்தெடுத்ததில் காரணம் இருந்தது. அங்கே பந்தயம் முழுவதும் ஒரே ஜாக்கி கிளப்பின் கீழ், ஹேப்பி வேலி, ஷா டின் என்னும் இரண்டு திடல்களில் நடக்கிறது. குதிரைகளின் எண்ணிக்கை அளவானது. பயிற்சியாளர்களும் கிளப்பின் உரிமம் பெற்ற சிலரே. ஒரே மனிதர்கள் ஒரே குதிரைகளை ஒரே திடல்களில் திரும்பத் திரும்ப ஓடவிடும்போது எண்கள் அடர்த்தியாகச் சேரும். அமெரிக்காவின் 5இல் 3 சத்தம் அங்கே குறைவு. கட்டப்படும் தொகையும் மிகப் பெரியது.

1994இல் பென்டர் தம் முறையை ஒரு கட்டுரையாக எழுதினார். ஹவுஷ், லோ, ஸியெம்பா மூவரும் தொகுத்த பந்தயச் சந்தை பற்றிய நூலில் அது வெளிவந்தது. தம் மாதிரி எத்தனை காரணிகளைச் சேர்த்தாலும் கூட்டத்தின் விலையில் அதற்கு எட்டாத செய்தி இருக்கிறது என்று அவர் கண்டார். எனவே தம் மாதிரியின் நிகழ்தகவையும் கூட்டத்தின் விலை காட்டும் நிகழ்தகவையும் இணைத்தார். லாயத்துக்கு உள்ளே இருப்பவர்களும் பணம் கட்டுகிறார்கள். அவர்களுக்குத் தெரிந்தது எந்தத் தாளிலும் அச்சாகாது. ஆனால் விலையில் கசியும். நியூமார்க்கெட்டின் புதரில் ஒளிந்திருந்தவன் தேடிய அதே செய்தி இப்போது ஒரு சமன்பாட்டின் உறுப்பாக வந்து சேர்ந்தது.

நீதிமன்றத்தில் திறமை

எண்களைப் படித்துக் கணிப்பது திறமையா, சூதா என்ற கேள்வி நீதிமன்றங்களுக்கும் போனது. குதிரையின் வளர்ப்பும் பயிற்சியும் முந்தைய ஓட்டங்களும் ஆராயத்தக்க செய்திகள் என்பதால் குதிரைப் பந்தயம் வெறும் அதிர்ஷ்ட விளையாட்டு அன்று என்று அமெரிக்க மாநில நீதிமன்றங்கள் சில 1920களிலும் 1930களிலும் தீர்ப்பளித்தன. அந்த வாதம் சென்னை கிண்டிக்கு வந்தது. தமிழ்நாட்டில் 1974இல் குதிரைப் பந்தயத்தில் பணம் கட்டுவதைச் சூதாட்டச் சட்டத்துக்குள் கொண்டுவரும் திருத்தம் இயற்றப்பட்டது. 1986இல் சென்னைப் பந்தய மன்றத்தை அரசு கையகப்படுத்தும் சட்டமும் வந்தது. மன்றத்தின் சார்பில் தொடரப்பட்ட கே.ஆர். லட்சுமணன் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 1996 ஜனவரி 12 அன்று தீர்ப்பளித்தது. அமெரிக்கத் தீர்ப்புகளையும் எடுத்துக்காட்டி, குதிரையின் இயல்பான ஆற்றல், உடல்நிலை, ஜாக்கியின் திறன், எடை, தூரம் ஆகியவை மதிப்பிடக்கூடிய உண்மைகள் என்றும், குதிரைப் பந்தயம் முதன்மையாகத் திறமை சார்ந்தது என்றும் அது கூறியது. 1986ஆம் ஆண்டுச் சட்டம் செல்லாது என்றாயிற்று.

மதிப்பிடக்கூடிய உண்மைகள் என்ற சொற்றொடரில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. வெளியே தெரியும் எண்கள் உண்மையிலிருந்து பிறந்திருக்க வேண்டும்.

மிக நல்ல எண்கள்

2010களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் ஜேசன் செர்விஸ், ஹோர்ஹே நவாரோ என்ற இரு பயிற்சியாளர்களின் வெற்றி விகிதம் நான்கில் ஒன்றைத் தாண்டியது. கணிப்பாளர்கள் தங்கள் கணக்கில் அதைச் சேர்த்துக்கொண்டனர். ஏன் வெல்கிறார்கள் என்று பணம் கட்டுபவர் கேட்கத் தேவையில்லை. எண் பலித்துக்கொண்டிருந்தால் போதும். இந்த முறையின் பெரிய பலவீனம் இங்கேதான் இருக்கிறது.

2020 மார்ச் 9 அன்று நியூயார்க் கூட்டாட்சி வழக்கறிஞர்கள் குதிரைகளுக்கு ஊக்கமருந்து செலுத்தியது தொடர்பாக 27 பேர்மீது குற்றச்சாட்டுகளை அறிவித்தனர். அவர்களுள் இவ்விருவரும் இருந்தனர். நவாரோ 2021 ஆகஸ்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, அவ்வாண்டு டிசம்பரில் ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். செர்விஸ் 2022 டிசம்பரில் ஒப்புக்கொண்டார். 2023 ஜூலையில் அவருக்கு நான்காண்டுச் சிறை விதிக்கப்பட்டது. நவாரோவிடம் இருந்த எக்ஸ் ஒய் ஜெட் என்ற குதிரை 2020 ஜனவரியிலேயே இறந்துவிட்டிருந்தது.

நாடு முழுவதற்கும் ஒரே ஊக்கமருந்துக் கட்டுப்பாட்டை ஏற்படுத்தும் சட்டம் 2020 டிசம்பரில் கையெழுத்தாகி, அதன் மருந்துச் சோதனைத் திட்டம் 2023 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. தடை பெற்ற பயிற்சியாளரின் குதிரைகள் உதவியாளர் பெயரில் ஓடும் பழைய வழக்கம் கணிப்பாளர்களுக்கு நன்கு தெரிந்த ஒன்று. தாளில் புதுப்பெயர் வந்தால், அதன் பின்னால் உள்ள லாயம் எது என்று அவர்கள் முதலில் பார்ப்பர்.

செர்விஸ் பழக்கிய மேக்சிமம் செக்யூரிட்டி என்ற குதிரை 2019 கென்டக்கி டெர்பியில் முதலில் வந்தும், மற்றக் குதிரைகளுக்கு இடையூறு செய்ததாக விலக்கப்பட்டது. 2020 பிப்ரவரியில் முதல் சவுதி கோப்பையை அது வென்றது. அடுத்த மாதம் பயிற்சியாளர்மீது குற்றச்சாட்டு வந்ததும் பரிசுத் தொகை நிறுத்திவைக்கப்பட்டது. 2024இல் சவுதி ஜாக்கி கிளப் அந்த வெற்றியை நீக்கி, இரண்டாவதாக வந்த மிட்நைட் பிசூ என்ற பெண்குதிரையை வென்றதாக அறிவித்தது. அதைப் பழக்கியவர் ஸ்டீவ் அஸ்முசன். ஓடி முடித்து நான்கு ஆண்டுகள் கழித்து, அந்த ஓட்டம் ஒருவர் கணக்கிலிருந்து இன்னொருவர் கணக்குக்கு மாறியது.